குண்டு வைத்தவர்களும் கோப்பை மறைத்தவர்களும்

முசோலினியின் உடலை மிலான் நகரச் சதுக்கம் ஒன்றில் தலைகீழாகத் தொங்கவிட்டது 1945 ஏப்ரல் 29ஆம் தேதி. அதற்குப் பின் இருபது மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 1946 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அவருடைய பழைய ஆட்கள் ரோமில் கூடி ஒரு கட்சி தொடங்கினார்கள். பெயர் ‘இத்தாலிய சமூக இயக்கம்’. போரின் கடைசிக் காலத்தில் ஹிட்லரின் தயவில் வட இத்தாலியில் முசோலினி நடத்திய பொம்மை அரசின் பெயர் ‘இத்தாலிய சமூகக் குடியரசு’. உறவு என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஜார்ஜோ அல்மிரான்டே. யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்த 1938இல் ‘இனப் பாதுகாப்பு’ என்ற இதழின் ஆசிரியர் குழுச் செயலாளராக இருந்தவர். பொம்மை அரசிலும் பதவி வகித்தவர். இப்படிப்பட்டவர் நாற்பது ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, 1988இல் கௌரவமாகக் காலமானார்.

பாசிஸ்ட் கட்சியை எந்த வடிவத்திலும் மீண்டும் அமைக்கக் கூடாது என்று 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியல் சாசனம் சொல்கிறது. பாசிசத்தைப் போற்றிப் பேசுவதையே குற்றமாக்கும் சட்டம் 1952இல் வந்தது. தடை இருந்தது, சட்டம் இருந்தது, கட்சியும் இருந்தது. காரணம் எளிது: ஆளும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு அவ்வப்போது இவர்களுடைய வாக்கு தேவைப்பட்டது. 1960இல் பிரதமர் தம்ப்ரோனியின் அரசு இவர்களுடைய வாக்கால்தான் பிழைத்தது. அந்தத் தெம்பில், நாஜிகளை எதிர்த்துப் போராடிய ஜெனோவா நகரில் மாநாடு நடத்த முனைந்தார்கள். ஊரே தெருவுக்கு வந்தது. போராட்டம் மற்ற ஊர்களுக்கும் பரவ, ரெஜ்ஜோ எமிலியாவில் போலீஸ் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். தம்ப்ரோனி பதவி விலகினார்.

தேர்தலில் இவர்கள் எப்போதுமே சிறிய கட்சிதான். 1948இல் 2 சதவீதம்; உச்சமான 1972இல் 8.7 சதவீதம். இந்த எண்களைக் காட்டி, ‘இதெல்லாம் விளிம்பில் நிற்கும் கூட்டம், இதைப் போய்ப் பெரிதுபடுத்துவதா?’ என்று கேட்பவர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் 1969 முதல் 1980 வரை நடந்த குண்டுவெடிப்புகளில், புதிய பாசிஸ்டுகளின் கைவரிசை என்று நீதிமன்றங்கள் உறுதிசெய்த நான்கில் மட்டும் 113 பேர் இறந்திருக்கிறார்கள். இவ்வளவு சிறிய கூட்டம் இத்தனை ஆண்டுகள் தப்பித்தது எப்படி? அவர்களுக்குத் துணை நின்றது வாக்குச்சாவடி அல்ல, அரசு அலுவலகம். இத்தாலியின் வரலாற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அதுதான் என்பது என் கருத்து.

போர் முடிந்ததும் அரசு இயந்திரத்தைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. 1946 ஜூனில் பொது மன்னிப்பு வந்தது. அதைக் கொண்டுவந்த சட்ட அமைச்சர் யார் தெரியுமா? கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டோலியாட்டி. நாட்டைச் சமாதானப்படுத்த நினைத்தார். நீதிபதிகளோ அதைத் தாராளமாக நீட்டி, பெரிய மீன்களையும் வெளியே விட்டார்கள். 1960இல் ஒரு கணக்கு எடுத்துப் பார்த்தபோது, நமது மாவட்ட ஆட்சியருக்கு ஒப்பான முதல்நிலை அதிகாரிகள் 64 பேரில் 62 பேர் முசோலினி காலத்தில் பணியாற்றியவர்கள். நகரக் காவல் தலைவர்கள் 135 பேரும், ஒருவர் விடாமல், அந்தக் காலத்து ஆட்களே.

அதிகாரிகளுக்கு ஒரு பயம் இருந்தது. மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய கம்யூனிஸ்ட் கட்சி இத்தாலியில்தான் இருந்தது. 1976இல் அது 34 சதவீத வாக்குகளைத் தாண்டியது. கம்யூனிஸ்டுகளைத் தடுக்க யாருடைய உதவியும் பாவமில்லை என்று ராணுவத்திலும் உளவுத் துறையிலும் பலர் நினைத்தார்கள். 1965 மே மாதம் ரோமில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ‘புரட்சிப் போர்’ பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. மேல்மட்ட ராணுவ அதிகாரிகள் உட்கார்ந்திருந்த அந்த அரங்கில் கட்டுரை வாசித்தவர்களில் ஒருவர் பினோ ரௌத்தி. சமூக இயக்கம் மிதமாகிவிட்டது என்று கோபித்து வெளியேறி, ‘புதிய ஒழுங்கு’ என்ற அமைப்பை 1956இல் தொடங்கியவர். இன்னொருவர் குய்தோ ஜன்னெத்தினி. பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொண்ட உளவுத் துறை ஆள். இந்த இருவர் பெயரும் பின்னால் வழக்குகளில் வரும்.

புதிய பாசிஸ்ட் இளைஞர்களுக்குக் குரு யூலியஸ் எவோலா. 1945இல் வியன்னாவில் குண்டுவீச்சில் காயம்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்து, ரோமில் ஓர் அடுக்ககத்தில் உட்கார்ந்தபடியே எழுதிக்கொண்டிருந்தவர். தமிழ் வாசகர் இவரைக் கவனிக்க ஒரு தனிக் காரணம் உண்டு. முசோலினியே போதிய அளவு வலதுசாரி அல்ல என்று குறைபட்ட இந்த மனிதர், தன் லட்சிய சமுதாயத்துக்கு மாதிரி தேடி வந்து நின்ற இடங்களில் ஒன்று நமது வர்ணாசிரமம். தாந்திரிகம் பற்றியும் ஒரு நூல் எழுதினார். உலக வரலாறே மேல் வர்ணத்திடமிருந்து கீழ் வர்ணத்திடம் அதிகாரம் வழுக்கி விழுந்த கதைதான் என்பது அவர் சித்தாந்தம். ஜனநாயகம் அந்த வீழ்ச்சியின் கடைசிப் படி. நாம் ஒழிக்கப் பாடுபட்டதை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ய ஒருவர் ஆசைப்பட்டிருக்கிறார். 1951இல் வழக்குப் போட்டார்கள், விடுதலையானார். 1974இல் இறக்கும் வரை அவர் வீட்டுக்கு இளைஞர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

1969 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. மிலான் நகரின் பியாட்சா ஃபொன்டானாவில் உள்ள வேளாண் வங்கி. வெள்ளிக்கிழமை சந்தை நாள் என்பதால் மற்ற வங்கிகள் மூடிய பிறகும் அது திறந்திருந்தது. சுற்றுவட்டார விவசாயிகளும் மாட்டு வியாபாரிகளும் கூடத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலை 4.37க்குக் குண்டு வெடித்தது. 17 பேர் இறந்தார்கள், 88 பேர் காயமடைந்தார்கள். அதே நாளில் ரோமில் மூன்று குண்டுகள். மிலானில் இன்னொரு வங்கியில் வெடிக்காத குண்டு ஒன்று பையோடு கிடைத்தது. எந்தத் துப்பறிவாளருக்கும் அது புதையல். போலீஸார் அன்று இரவே அதை வெடிக்கவைத்து அழித்தார்கள்.

விசாரணை முதல் நாளிலேயே இடப்பக்கம் திரும்பியது. அராஜகவாதிகள் வளைத்துப் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் ஜுசெப்பே பினெல்லி ஒரு ரயில்வே தொழிலாளி. சட்டம் அனுமதித்த நேரம் கடந்தும் காவலில் வைக்கப்பட்டிருந்த அவர், மூன்றாம் நாள் நள்ளிரவில் காவல் தலைமையகத்தின் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். ‘குற்ற உணர்வில் குதித்துவிட்டார்’ என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் சொன்ன நகரக் காவல் தலைவர் மார்செல்லோ குய்தா. இவர் முசோலினி காலத்தில் என்ன வேலை பார்த்தார் என்றால், அரசியல் கைதிகளை அடைத்து வைத்த வென்டோட்டேனே தீவுக்குப் பொறுப்பதிகாரி! அந்தத் தீவில் கைதியாக இருந்த சாண்ட்ரோ பெர்டினி 1969இல் நாடாளுமன்ற அவைத் தலைவர். மிலானுக்கு வந்தவர் குய்தாவுக்குக் கை கொடுக்க மறுத்துவிட்டார். ஆள் மாறவில்லை, நாற்காலிதான் மாறியிருந்தது. பினெல்லியின் சாவு கொலையும் அல்ல, தற்கொலையும் அல்ல, திடீர் உடல்நலக் குலைவு என்று 1975இல் நீதிமன்றம் முடித்துவைத்தது. தாரியோ ஃபோ அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே இந்தச் சாவை வைத்து ஒரு நையாண்டி நாடகம் போட்டுவிட்டார். உலகம் முழுக்க இன்றும் மேடையேறும் நாடகம் அது.

வால்பிரேடா என்ற இன்னோர் அராஜகவாதி மூன்றாண்டுகள் சிறையில் கிடந்தார். உண்மையான தடயம் வேறு ஊரில் இருந்தது. குண்டு வைத்த பைகளைப் போன்ற பைகளைத் தான் விற்றதாக படோவா நகரக் கடைக்காரர் ஒருவர் போலீஸில் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் உள்துறை அமைச்சக மேசை இழுப்பறையில் நெடுங்காலம் உறங்கியது. படோவாவில் இருந்தவர் பிராங்கோ ஃப்ரேடா. எவோலாவின் வாசகர், பதிப்பாளர், புதிய ஒழுங்கு வட்டாரத்து ஆள். அவருடைய கூட்டாளி ஜொவான்னி வெண்டுரா. இவர்களோடு தொடர்பில் இருந்தவர்தான் கருத்தரங்கில் கட்டுரை வாசித்த ஜன்னெத்தினி. நீதிபதிகள் தேடத் தொடங்கியதும் உளவுத் துறையே அவரை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தது. தேடப்பட்ட இன்னொருவருக்குப் போலி கடவுச்சீட்டு கொடுத்தது. இதற்காகத் தண்டனை பெற்ற ஜெனரல் மலெத்தி தென்னாப்பிரிக்காவுக்குப் போய், 2021இல் அங்கேயே இறந்தார்.

வழக்கை மிலானிலிருந்து தென்கோடியில் இருக்கும் கட்டன்சாரோவுக்கு மாற்றினார்கள். ஃப்ரேடாவும் வெண்டுராவும் 1987இல் இறுதியாக விடுதலையானார்கள். 2005இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? குண்டுவெடிப்புக்கு அவ்விருவரே பொறுப்பு. ஆனால் ஏற்கெனவே விடுதலையானவர்களை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்க முடியாது. நீதிமன்றச் செலவு இறந்தவர்களின் குடும்பத்தார் தலையில் விழுந்தது. 36 ஆண்டுகள் படியேறியவர்களுக்குக் கிடைத்தது ஒரு ரசீது.

பெட்டேயானோ வழக்கு இதைவிடத் தெளிவானது. 1972 மே 31 அன்று கோரிஸ்யா அருகே காட்டோரமாக ஒரு ஃபியட் 500 கார் அநாதையாக நிற்பதாக அநாமதேய தொலைபேசி அழைப்பு வந்தது. போய்ப் பார்த்த காவல்படையினர் காரின் முன்மூடியைத் திறந்ததும் வெடித்தது, மூவர் இறந்தார்கள். முதலில் இடதுசாரிகளைத் தேடினார்கள். பிறகு உள்ளூரில் அகப்பட்டவர்களைப் பிடித்துப் போட்டார்கள். இறந்தவர்கள் தங்கள் சொந்தப் படையினர் என்பதுகூட விசாரித்தவர்களின் கையைக் கட்டவில்லை. 1980களில் பெலிச்சே காசொன் என்ற இளம் நீதிபதி கோப்பைப் பிரித்தார். 1984இல் புதிய ஒழுங்கு அமைப்பின் வின்சென்சோ வின்சிகெர்ரா, ‘நான்தான் வைத்தேன்’ என்று ஒப்புக்கொண்டார். அரசின் ஒரு பகுதியே எங்களைப் போன்றவர்களைப் பயன்படுத்தியது, காத்தது என்பது அவர் வாக்குமூலத்தின் சாரம். ஆயுள் தண்டனை பெற்றவர் சலுகை எதுவும் கேட்டதில்லை. ஆகவே அவர் பேச்சைத் தள்ளிவிடுவது கடினம்.

தொலைபேசியில் பேசிய குரல் யாருடையது? கார்லோ சிக்குத்தினி என்பவருடையது. அவர் சமூக இயக்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளர்! தலைமறைவான அவர் குரலை மாற்ற அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் பணம் அனுப்பியதாகக் கட்சித் தலைவர் அல்மிரான்டே மீதே வழக்கு வந்தது. அவர் வழக்கைச் சந்திக்கவில்லை. பொது மன்னிப்பைப் பயன்படுத்தி வெளியேறினார். நாடாளுமன்றக் கட்சி வேறு, குண்டு வைத்தவர்கள் வேறு என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இந்த ஒரு கோப்பையாவது படிக்க வேண்டும். ரௌத்தியின் பாதையும் அப்படித்தான்: 1969இல் கட்சிக்குத் திரும்பினார், 1972இல் மிலான் வழக்கில் கைதாகி விடுவிக்கப்பட்டார், அதே ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரானார், 1990இல் கட்சித் தலைவரானார். எந்த வழக்கிலும் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

‘இடதுசாரிகள் கொல்லவில்லையா?’ என்ற கேள்வி நியாயமானது. கொன்றார்கள். 1973இல் ரோமின் பிரிமவாலே பகுதியில் சமூக இயக்கக் கிளைச் செயலாளர் ஒருவரின் வீட்டுக்குத் தீவிர இடதுசாரிகள் தீவைத்ததில் அவருடைய இரு மகன்கள் கருகி இறந்தார்கள். இளையவனுக்கு வயது பத்து. 1978இல் ‘செம்படை’ என்ற தீவிர இடதுசாரி அமைப்பினர் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்திக் கொன்றார்கள். ஆனால் செம்படையை ஒடுக்க முடிவெடுத்த பிறகு அரசு சில ஆண்டுகளில் ஒடுக்கிக் காட்டியது. அதே போலீஸ், அதே நீதிமன்றம். பிரெஷாவில் 1974இல் தொழிற்சங்கக் கூட்டத்தில் வெடித்த குண்டுக்கு எட்டுப் பேர் பலியானபோதோ, இரண்டு மணி நேரத்துக்குள் சதுக்கத்தைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிட்டார்கள், தடயங்களோடு சேர்த்து. இறுதித் தீர்ப்பு வந்தது 2017இல். தண்டனை பெற்ற இருவரில் ஒருவர், மௌரிட்சியோ டிரமோன்டே, குண்டு வெடித்த காலத்தில் உளவுத் துறைக்குத் தகவல் சொல்லிவந்தவர்.

நேர்மையான அதிகாரிகள் இல்லாமல் இல்லை. ரோமில் வலதுசாரிப் பயங்கரவாதத்தை ஏறக்குறைய ஒற்றை ஆளாக விசாரித்த மாரியோ அமாத்தோ, தான் தனித்து விடப்பட்டிருப்பதாக 1980 ஜூனில் நீதித் துறையின் உயர் மன்றத்திலேயே முறையிட்டார். பத்து நாள் கழித்து, கவச வாகனம் கிடைக்காமல் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தவரை ‘ஆயுதப் புரட்சிக் குழுக்கள்’ அமைப்பினர் பின்னாலிருந்து சுட்டார்கள். தரையில் கிடந்த உடலின் புகைப்படத்தில் அவருடைய ஷூவின் அடியில் இருந்த ஓட்டை தெரிகிறது.

அடுத்த நாற்பதாவது நாள், ஆகஸ்ட் 2, காலை 10.25. விடுமுறைக் கூட்டம் நெரிந்த பொலோன்யா ரயில் நிலையத்தின் இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்தது. 85 பேர் இறந்தார்கள். ஆம்புலன்ஸ் போதாமல் 37ஆம் எண் நகரப் பேருந்தின் ஜன்னல்களில் வெள்ளைத் துணி கட்டி உடல்களை ஏற்றிச் சென்றார்கள். அமாத்தோவைச் சுட்ட அதே அமைப்பைச் சேர்ந்த வலேரியோ ஃபியோரவான்டி, பிரான்செஸ்கா மம்ப்ரோ இருவருக்கும் 1995இல் ஆயுள் தண்டனை உறுதியானது. வேறு பல கொலைகளை ஒப்புக்கொள்ளும் இவர்கள் இதை மட்டும் இன்றும் மறுக்கிறார்கள். அதே தீர்ப்பில் தண்டனை பெற்ற இன்னொரு கூட்டம் இருக்கிறது: விசாரணையைத் திசைதிருப்ப ஒரு ரயிலில் வெடிமருந்துப் பெட்டியைத் தாங்களே வைத்த ராணுவ உளவுத் துறை அதிகாரிகள் இருவர், கூடவே லீசியோ ஜெல்லி. பி-2 என்ற ரகசிய மேசன் சபையின் தலைவர் இவர். 1981இல் சிக்கிய இவருடைய பட்டியலில் அமைச்சர்கள், ஜெனரல்கள், உளவுத் துறைத் தலைவர்கள் என 962 பெயர்கள் இருந்தன.

குண்டுவெடிப்புக்குப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்தவர்கள் யார் என்பதை 2022இல்தான் பொலோன்யா நீதிமன்றம் பெயர் சொன்னது: ஜெல்லி, அவருடைய நிதிக் கூட்டாளி ஒருவர், சமூக இயக்கத்தின் முன்னாள் செனட்டர் மாரியோ டெடெஸ்கி, உள்துறை அமைச்சகத்தின் ரகசியப் பிரிவை நடத்திய ஃபெடெரிக்கோ உம்பெர்த்தோ டமாத்தோ. இந்த டமாத்தோ ஓய்வு நேரத்தில் வார இதழில் உணவக விமர்சனம் எழுதிய ரசனைக்காரர்! நால்வரும் இறந்துபோனவர்கள். உயிரோடு இருந்து தண்டிக்கப்பட்டவர், பழைய பாசிச அமைப்புக்காரர் பாவ்லோ பெல்லினி. அன்று நிலையத்தில் ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த சிறு படச்சுருளில் இருப்பது அவர்தான் என்று முன்னாள் மனைவி அடையாளம் காட்டினார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது, 45 ஆண்டுகள் கழித்து.

சமூக இயக்கம் 1995இல் பெயர் மாற்றி, பாசிசத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. அதன் இளைஞர் அணியில் பதினைந்து வயதில் சேர்ந்த ஜார்ஜியா மெலோனி, 2012இல் நண்பர்களோடு தொடங்கிய கட்சிக்கு, பழைய கட்சியின் மூவண்ணத் தீச்சுடரையே சின்னமாக வைத்தார். 2018இல் 4 சதவீதம், 2022இல் 26 சதவீதம், இப்போது பிரதமர். ரௌத்தியின் மகள் அந்த அரசில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர். மெலோனியின் அரசைப் பாசிச அரசு என்று நான் சொல்ல மாட்டேன். தேர்தலில் வென்று வந்தவர், தோற்றால் போவார். தந்தையின் கணக்கை மகளிடம் கேட்பதும் முறையல்ல. ஆனால் 2023இல், மெலோனியின் கட்சி ஆளும் லாட்சியோ மாகாணத்தின் தகவல்தொடர்புத் தலைவர், பொலோன்யா வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் நிரபராதிகள் என்று முகநூலில் எழுதினார். எதிர்ப்பு வலுத்த பிறகே பதவி விலகினார். தீர்ப்பை ஏற்பதற்குக்கூட இவ்வளவு தயக்கம் இருக்கிற இடத்தில், ‘அதெல்லாம் பழைய கதை’ என்ற சமாதானம் செல்லாது.

தீவிர வலதுசாரிகள் எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்று எண்ணிப் பார்ப்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். எண்ணப்பட வேண்டியது அவர்களுக்காக எந்தக் கோப்பு எந்த மேசையில் தாமதமானது என்பதும்தான். இத்தாலியில் அதை எண்ணியவர்கள் அமைச்சர்களோ கட்சிகளோ அல்லர். பொலோன்யாவில் இறந்தவர்களின் உறவினர்கள் 1981இல் ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் முதல் தலைவர் டொர்குவாட்டோ செச்சி, குண்டுவெடிப்பில் மகனைப் பறிகொடுத்தவர். பல்வேறு வழக்குகளின் காகிதங்களைக் கணினியில் ஏற்றி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, புதிய மனு போட்டது அந்தச் சங்கம். ஏற்பாட்டாளர்கள் பற்றிய விசாரணையை முடித்துவிடலாம் என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2017இல் முடிவெடுத்தது. சங்கம் விடவில்லை. மேல்நிலை அலுவலகம் அந்த விசாரணையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பெல்லினிக்குக் கிடைத்த தண்டனை அதன் பிறகு வந்ததுதான்.